கத்தரிக்கோலைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்
கணித ஆய்வகம் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கணிதப் பாடத்திட்டம் எழுதுகிறவர்கள், ஆய்வகத்துக்கு என்ன வாங்கலாம் என்று பட்டியல் போடுகிறவர்கள், அந்தப் பட்டியலில் கையெழுத்திடும் தலைமையாசிரியர்கள் என எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் நடுநிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகக் கணிதம் எடுக்கிறவள். வெட்டிப் பொருத்தும் வடிவியல் மாதிரிகளைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் ஒரு வகுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

சரிவகத்தின் பரப்பளவு பாடம். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதவில்லை. ஆளுக்கு ஒரு அட்டைச் சரிவகமும் கத்தரிக்கோலும் கொடுத்தேன். "இதை எப்படி வேண்டுமானாலும் வெட்டுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே பரப்பளவு தெரிந்த வடிவமாக மாற்றுங்கள்" என்று மட்டும் சொன்னேன். முதல் ஐந்து நிமிடம் யாரும் வெட்டவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பக்கத்து அட்டையை எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தி, தோழியின் சரிவகத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பித் தன்னுடையதோடு ஒட்ட வைத்தாள். இணைகரம் வந்துவிட்டது. வெட்டவே இல்லை. இன்னொருவன் பாதி உயரத்தில் குறுக்கே வெட்டி, மேல் துண்டைச் சுழற்றிக் கீழ்த் துண்டின் பக்கத்தில் வைத்தான். அவனுக்கும் இணைகரம்தான், ஆனால் உயரம் பாதி. மூன்றாமவள் மேல் மூலையிலிருந்து எதிர்ச் சாய்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு வெட்டி, வந்த முக்கோணத்தை அந்தப் புள்ளியிலேயே அரைச்சுற்று திருப்பினாள். மொத்தமும் ஒரே பெரிய முக்கோணம் ஆயிற்று. அதன் அடிப்பக்கம் இரண்டு இணைப்பக்கங்களின் கூடுதல்.

கடைசி வரிசையில் ஒரு பையன் மூலைவிட்டத்தில் நேராக ஒரு வெட்டு வெட்டிவிட்டான். இரண்டு முக்கோணம் கிடைத்தது. எப்படித் திருப்பினாலும் அவை சேர்ந்து ஒழுங்கான வடிவம் ஆகவில்லை. "டீச்சர், இது சேரவே மாட்டேங்குது, வேற அட்டை கொடுங்க" என்றான், கிட்டத்தட்ட அழுகிற குரலில். நான் அட்டை கொடுக்கவில்லை. "சேர்ந்துதான் ஆகணுமா?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு துண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். ஒன்றின் அடிப்பக்கம் சரிவகத்தின் பெரிய இணைப்பக்கம், இன்னொன்றின் அடிப்பக்கம் சின்ன இணைப்பக்கம், உயரம் இரண்டுக்கும் ஒன்றே என்று அவனுக்குப் பிடிபட்டபோது பென்சிலை எடுத்து இரண்டு பரப்பளவையும் கூட்டினான். மற்ற மூவருக்கும் வந்த அதே விடை அவனுக்கும் வந்தது. அன்று அந்த வகுப்பில் எல்லாவற்றையும்விடச் சுருக்கமான நிரூபணம் அவனுடையதுதான்.

கடையில் கிடைக்கும் சரிவக மாதிரியில் இந்த வெட்டு இருக்காது. அதில் ஒரே ஒரு வெட்டுமுறைதான் இருக்கும். அதையும் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பியிருப்பார்கள். பிள்ளைக்கு மிஞ்சுவது நான்கு பிளாஸ்டிக் துண்டுகளைச் சட்டத்துக்குள் அடுக்குகிற வேலை மட்டும். எங்கே வெட்டுவது, ஏன் அங்கே வெட்டுவது என்று யோசிக்கிற இடத்தில்தான் கணிதம் இருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பிள்ளையை இறக்கிவிடும் பொருளுக்கு நாம் பணம் கொடுக்கிறோம்.

இது புதிதாக வந்த கற்பித்தல் முறையும் இல்லை. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே தொகுக்கப்பட்ட ஆபஸ்தம்ப சுல்ப சூத்திரம் என்ற வடமொழி நூலில், வேள்வி மேடை ஒன்றின் பரப்பளவை இப்படித்தான் கண்டிருக்கிறார்கள். மேடை ஒரு சரிவகம். ஒரு பக்கம் 24, எதிர்ப்பக்கம் 30, நடுவே நீளம் 36. ஒரு ஓரத்தில் நீண்டிருக்கும் முக்கோணத் துண்டை வெட்டி, தலைகீழாகத் திருப்பி மறு ஓரத்தில் வைத்தால் 27-க்கு 36 செவ்வகம். பரப்பளவு 972. கயிறும் முளையும் வைத்து வேலை செய்தவர்களுக்கு இதுவே போதுமான விளக்கமாக இருந்திருக்கிறது.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் கணித ஆய்வகத்துக்குத் தனி அறை இருந்தது. கண்ணாடி அலமாரி, உள்ளே பளபளவென்று அக்ரிலிக் மாதிரிகள். சாவி ஒருவரிடம், பதிவேடு இன்னொருவரிடம். துண்டு ஒன்று தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் யாரும் எடுக்க மாட்டோம். பார்வையிட ஆள் வரும் நாளில் அலமாரி திறக்கும், நன்றாகப் படிக்கிற நான்கு பிள்ளைகள் மேசைக்குப் பின்னால் நின்று மனப்பாடமாக விளக்குவார்கள், மாலையில் பூட்டிவிடுவோம். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. இரண்டு ஆண்டு நானும் அந்த வரிசையில் நின்று கைதட்டியிருக்கிறேன்.

அந்த அலமாரியின் நடுத்தட்டில் இருந்தது பிதாகரஸ் தேற்றப் பலகை. பக்கங்கள் 3, 4, 5. சிறு சதுரங்கள் 9, 16, எண்ணிப் பார்த்தால் 25. பெரும்பாலான பள்ளிகளில் இருப்பது இந்தப் பலகைதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது தேற்றத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. தேற்றம் எல்லாச் செங்கோண முக்கோணத்துக்கும் பொருந்துவது. பலகையைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் பக்கங்கள் 2, 3 என்று கொடுத்துக் கர்ணம் கேளுங்கள், "4 டீச்சர்" என்ற பதில் வரும். எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. எண்ணிப் பழகிய கண்ணுக்கு முழு எண் வராத இடத்தில் எதுவும் தெரிவதில்லை.

அதற்குப் பதிலாக ஹென்றி பெரிகலின் வெட்டைச் செய்ய விடுங்கள். பெரிகல் பங்குத் தரகர். வடிவியல் அவருக்குப் பொழுதுபோக்கு. 1830-ல் கண்டுபிடித்து 1870-களில் வெளியிட்ட இந்த வெட்டை அவருடைய கல்லறையிலேயே பொறித்திருக்கிறார்கள். செய்வது இப்படி. ஏதாவது ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள். மூன்று பக்கத்திலும் சதுரம் எழுப்புங்கள். செங்கோணத்தை அடுத்த இரண்டு சதுரங்களில் பெரியதன் மையப்புள்ளியைக் குறித்து, அதன் வழியே கர்ணத்துக்கு இணையாக ஒரு கோடு, செங்குத்தாக ஒரு கோடு. அந்தக் கோடுகளில் வெட்டினால் அச்சு அசலாக ஒரே மாதிரி நான்கு நாற்கரங்கள். அவற்றைச் சுழற்றாமல் அப்படியே நகர்த்தி, கர்ணத்தின் மேலுள்ள சதுரத்தின் நான்கு மூலைகளில் வையுங்கள். நடுவே ஒரு சதுர ஓட்டை விழும். சின்னச் சதுரத்தை எடுத்து அதில் வைத்தால் கச்சிதமாக உட்காரும்.

வகுப்பில் இதைச் செய்யும்போது ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த முக்கோணத்தை வரைய வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை. ஒல்லியாக ஒன்று, தடியாக ஒன்று, சின்னப் பக்கம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாமல் ஒன்று. எல்லோருக்கும் ஓட்டை சரியாக நிரம்பும்போது வகுப்பில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன். ஆனால் பாடம் அங்கே முடியவில்லை. "ஏன் நிரம்புகிறது?" என்று கேட்க வேண்டும். வெட்டுக்கோடு பெரிய சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு நீளத் துண்டாகவும் ஒரு குட்டைத் துண்டாகவும் பிரிக்கிறது. அளந்து பார்க்கச் சொல்வேன். பக்கங்கள் 3, 4 என்று எடுத்தவனுக்கு மூன்றரையும் அரையும் வரும். வித்தியாசம் 3. மற்றவர்களும் அவரவர் அளவைக் கழித்துப் பார்த்தால், வித்தியாசம் எப்போதும் சின்னச் சதுரத்தின் பக்கமே. நடுவில் விழும் ஓட்டையின் பக்கமும் அந்த வித்தியாசம்தான். ஒருமுறை ஒரு பெண், இரண்டு பக்கமும் சமமான முக்கோணத்தை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வெட்டுக்கோடுகள் மூலைவிட்டங்களாகவே போய்விட்டன. குட்டைத் துண்டு காணாமல் போய் நாற்கரங்கள் முக்கோணங்கள் ஆகிவிட்டன. "எனக்கு மட்டும் தப்பா வந்திருக்கு" என்று மறைத்து வைத்திருந்தாள். அதை வாங்கிக் கரும்பலகையில் ஒட்டி, அதைப் பற்றியே மீதி நேரம் முழுக்கப் பேசினோம்.

பொருந்துவதைப் பார்த்த கண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பதையும் இதே கத்தரிக்கோல்தான் சொல்லித்தர வேண்டும். 8-க்கு 8 சதுரத்தை இரண்டு முக்கோணம், இரண்டு சரிவகம் என நான்கு துண்டாக்கி 5-க்கு 13 செவ்வகமாக அடுக்கும் புதிர் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 64 கட்டம் 65 ஆகிவிடும். 1868-லேயே அச்சில் வந்துவிட்ட புதிர் இது. தடித்த ஃபோம் ஷீட்டில் செய்தால் மாதிரி அவ்வளவு அழகாகப் பொருந்தும். பிள்ளைகள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் வாயடைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் மெல்லிய அட்டையில் வெட்டி, ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டினோம். ஒரு பையன் அதைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தான். மூலைவிட்டம் நெடுக நூல் போல வெளிச்சம். அந்த நூல்தான் 65-ஆவது கட்டம்! முக்கோணத் துண்டின் சாய்வு எட்டுக்கு மூன்று, சரிவகத் துண்டின் சாய்வு ஐந்துக்கு இரண்டு. இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்றல்ல. அந்த மயிரிழை இடைவெளிதான் ஒரு முழுக் கட்டத்தின் பரப்பளவு.

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கணிதர் அபுல் வஃபா, கைவினைஞர்களுக்காக எழுதிய வடிவியல் நூலில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். மூன்று சமச் சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்க வேண்டும். கைவினைஞர்கள் சொன்ன சில வழிகள் பார்வைக்குச் சரியாக இருந்தன, கணக்குப் போட்டால் தவறு. நிரூபணம் தெரிந்த கணிதர்களுக்கோ எப்படி வெட்டுவது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் இரு தரப்பையும் உட்கார வைத்து, ஒன்பது துண்டுகளில் சரியாக வெட்டும் வழியைக் கொடுத்தார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த இரண்டு தரப்பும் இன்று ஒரே பள்ளியில் இருக்கின்றன. ஒன்று ஆய்வக அறையில் துண்டுகளை அடுக்குகிறது, மற்றது வகுப்பறையில் சூத்திரம் எழுதுகிறது. கால அட்டவணையிலும் இரண்டும் வேறு வேறு பாடவேளை.

கன வடிவங்களுக்கு வருகிறேன். பிரமிடின் கன அளவில் "மூன்றில் ஒரு பங்கு" எங்கிருந்து வருகிறது? மணலை மூன்று முறை கொட்டிக் காட்டுகிறோம். அது அளந்து காட்டுவது. ஏன் மூன்று என்று அது சொல்லாது. கனசதுரத்தை ஒரே மாதிரியான மூன்று பிரமிடாக வெட்ட முடியும். ஒவ்வொன்றுக்கும் அடி ஒரு சதுரம். உச்சி நடுவில் இல்லாமல் ஒரு மூலைக்கு நேர் மேலே இருக்கும். சீனக் கணிதர் லியூ ஹுய், ஒரு பழைய கணித நூலுக்குக் கி.பி. 263-ல் எழுதிய உரையில் கட்டைகளை இப்படிப் பிரித்தும் சேர்த்தும்தான் இந்த விதியை விளக்கினார். பிள்ளைகள் இதை அட்டையில் மடித்தே செய்துவிடலாம். ஒரு சதுரம், அதே பக்க அளவுள்ள இரண்டு இருசமபக்கச் செங்கோண முக்கோணங்கள், இன்னும் இரண்டு நீளமான செங்கோண முக்கோணங்கள். நீளமானவற்றுக்கு அளவுகோல்கூட வேண்டாம். சதுரத்தின் மூலைவிட்டத்தைக் காம்பஸில் எடுத்து வைத்தால் போதும். ஆளுக்கு ஒரு பிரமிடு செய்தால் மூன்று பேர் கூடினால்தான் கனசதுரம் வரும். ஓயாமல் பேசுகிற பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

இங்கே ஆசிரியர் கையேட்டில் ஓர் உண்மையையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தட்டை வடிவங்களில், சம பரப்பளவுள்ள எந்த இரண்டு பலகோணத்தையும் வெட்டி ஒன்றை மற்றொன்றாக்கலாம். வாலஸ், போயாய், கெர்வீன் என்ற மூவர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தனித்தனியாக வந்துசேர்ந்த முடிவு இது. கன வடிவங்களில் அது நடக்காது. ஜெர்மானியக் கணிதர் ஹில்பர்ட் 1900-ல் முன்வைத்த புகழ்பெற்ற கேள்விகளில் மூன்றாவது இதுதான். அவருடைய மாணவர் மாக்ஸ் டேன் உடனேயே விடை கண்டார்: ஓர் ஒழுங்கு நான்முகியை, அதாவது நான்கு சமபக்க முக்கோண முகமுள்ள கன வடிவத்தை, தட்டையான வெட்டுகளால் எத்தனை துண்டு போட்டாலும் அதே கன அளவுள்ள கனசதுரமாக அடுக்க முடியாது. வட்டத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சதுரமாக்கவும் முடியாது என்று 1963-ல் நிரூபித்துவிட்டார்கள். வட்டத்தை 16 கோணப்பகுதிகளாக வெட்டி மாற்றி அடுக்கும்போது, "பாருங்கள், செவ்வகம் வந்துவிட்டது" என்று நாம் சொல்கிறோம். வரவில்லை. விளிம்பு அலை அலையாக இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிகிறது, நாம்தான் பார்க்காதது போல நடந்துகொள்கிறோம். 32 ஆக வெட்டச் சொல்லுங்கள், 64-ஐக் கற்பனை செய்யச் சொல்லுங்கள். அலை சிறுத்துக்கொண்டே போகிறது, முழுதாக மறைவதில்லை. பிற்பாடு மேல் வகுப்புகளில் எல்லை மதிப்பு என்று வருவதற்கான முதல் விதை அந்த அலையில் இருக்கிறது. அதைப் பொய் சொல்லி மறைப்பானேன்?

சமபக்க முக்கோணத்தை நான்கே துண்டில் சதுரமாக்கும், ஆங்கிலேயப் புதிர் ஆசிரியர் ஹென்றி டியூடனியின் வெட்டையும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் காட்டுங்கள். 1902-ல் வந்த புதிர். 1905-ல் மஹோகனி மரத்தில் பித்தளைக் கீல் போட்டுச் செய்த மாதிரியை அவர் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். ஒரு பக்கம் மடக்கினால் முக்கோணம், மறுபக்கம் மடக்கினால் சதுரம். மூன்று துண்டில் முடியுமா என்ற கேள்வி நூறு ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. துண்டுகளைப் புரட்டாமல் அடுக்குவதானால் முடியாது என்ற நிரூபணம் 2024 டிசம்பரில்தான் வெளிவந்தது. தாளும் கத்தரிக்கோலும் வைத்துக் கேட்ட கேள்விக்கு நம் காலத்தில் விடை கிடைக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

வெட்டி முடித்த மாதிரிகளை மொத்தமாக வாங்குவதை நிறுத்துங்கள். வகுப்புக்கு இரண்டு மூன்று இருக்கட்டும், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் தடவிப் பார்க்க விளிம்பு உள்ள நல்ல மரத்துண்டுகள் கட்டாயம் இருக்கட்டும். மற்றபடி கட்டம் போட்ட அட்டை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், காம்பஸ், ஒட்டும் நாடா இவை வற்றாமல் கிடைத்தால் போதும். இவை தேய்ந்து தீர்ந்துபோகிற பொருள்கள் என்று பதிவேட்டில் எழுதிவிடுங்கள். வீணான அட்டைக்குக் கணக்குக் கேட்கிற இடத்தில் எந்த ஆசிரியரும் தவறாக வெட்ட விடமாட்டார்.

நேரம் கொடுங்கள். என் சரிவக வகுப்பு இரண்டு பாடவேளையை எடுத்துக்கொண்டது. சூத்திரத்தை எழுதிப் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அடுத்த ஆண்டு அதே பிள்ளைகளில் சிலர் சூத்திரத்தை மறந்துதான் போனார்கள். ஆனால் தாளின் ஓரத்தில் ஒரு சரிவகம் வரைந்து, ஒரு கோடு இழுத்து, அதைத் திரும்பவும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். நாற்பது ஐம்பது பேர் உள்ள வகுப்பில் சத்தமும் குப்பையும் சேரும், உண்மைதான். இருவருக்கு ஒரு கத்தரிக்கோல் என்று வைத்தால் சமாளிக்கலாம், நான் சமாளித்திருக்கிறேன்.

தேர்வில் கேளுங்கள். கேட்காததை யாரும் நடத்த மாட்டார்கள். "இந்த இணைகரத்தை ஒரே வெட்டில் செவ்வகமாக்கு, வெட்டை வரைந்து காரணம் எழுது" என்று ஒரு கேள்வி. புத்தகத்தில் எப்போதும் வருகிற, லேசாகச் சாய்ந்த சாதுவான இணைகரம் வேண்டாம். நன்றாகச் சாய்ந்து, குறுகிய பக்கத்தில் நிற்கிற ஒன்றைக் கொடுங்கள். மேல் மூலையிலிருந்து இறக்கும் குத்துக்கோடு அடிப்பக்கத்துக்கு வெளியே போய் விழும். மனப்பாடம் செய்தவர் அங்கே நின்றுவிடுவார். அட்டையைக் கையில் வைத்துப் பழகியவர் தாளைத் திருப்பி நீளப் பக்கத்தை அடியாக்கிக்கொள்வார். இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள அந்த வேறுபாட்டுக்கு மதிப்பெண் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்த கொள்முதல் கூட்டம் எப்போது என்று எனக்குத் தெரியாது. எப்போதாக இருந்தாலும், பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மேசையில் உள்ள எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு அட்டைச் சரிவகமும் ஒரு கத்தரிக்கோலும் கொடுங்கள். இருபது நிமிடம். சூத்திரத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வெட்டிய துண்டுகளை எனக்கு அனுப்பினால் அடுத்த பருவத்தில் என் வகுப்புச் சுவரில் ஒட்டி வைப்பேன். பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவார்கள்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியை